நுழைய மறுத்த ஈயக் குண்டு

ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதற்கு இத்தனை அவசரம் எதற்கு என்று திருநாவுக்கரசுக்கு விளங்கவில்லை.

“நாளைக்குக் கேஸ் பெரிய கோர்ட்டுக்குப் போகுது, மிஸ்டர் அரசு,” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ஷேக் அலாவுதீன். “சாட்சி இருக்கு, துப்பாக்கி இருக்கு, குண்டு இருக்கு. ஆளை மட்டும் விட்டுடச் சொன்னா எப்படி?”

காவல் நிலையத்தின் பின்னறை அது. ஒரே ஒரு சன்னல். அதற்கு வெளியே தீவு நகரமான ஜார்ஜ் டவுன் முழுவதும் கறுத்துக் கிடந்தது; மழை வருவேன் என்று மிரட்டிக்கொண்டே வராமல் இருந்தது. மேசை மேல் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடுகிற ரகம். அடியிலிருக்கும் நெம்புகோலை இறக்கினால் பின்வாய் திறக்கும், தோட்டாவைத் தள்ளிவிட்டு ஏற்றினால் மூடும். பக்கத்தில் ஒரு தோல் பையும் அதிலிருந்து கொட்டிய சில தோட்டாக்களும் இருந்தன. மருந்து அடைக்கிற பித்தளைக் கோது கடையில் வாங்கியது. நுனியில் இருந்த ஈயக் குண்டு மட்டும் வீட்டு அடுப்பில் உருக்கி வார்த்தது.

கதை ஊருக்கே தெரிந்ததுதான். மலைக்கு அப்பாலுள்ள பாலிக் புலாவில் ஜாதிக்காயும் டுரியானும் பயிரிட்டிருந்த நாச்சியப்பன் செட்டியார் போன மாதம் ஒரு விடியற்காலையில், ஓடைக்குக் குளிக்கப் போகிற வழியில் செத்துக் கிடந்தார். நெஞ்சிலிருந்து எடுத்தது வீட்டில் வார்த்த ஈயக் குண்டு. அந்தப் பக்கத்தில் குண்டு வார்க்கிற ஆள் ஒருவன்தான்: தோட்டத்தில் காட்டுப்பன்றி விரட்டுகிற காவல்காரன் சின்னையா. முந்தின நாள்தான் பாசார் சந்தையில் நாலு பேர் முன்னால் செட்டியாரோடு வாய்ச்சண்டை போட்டிருந்தான்.

அதோடு முடியவில்லை. காவல் முடிந்து வீடு திரும்பும்போது சின்னையா தினமும் ஒரு செத்த மரத்தைப் பார்த்து ஒரு வெடி சுடுவது வழக்கம். அன்றைக்கும் அந்த வெடி கேட்டது, ஒரே ஒரு வெடி. செட்டியாரின் தம்பி மகன் மெய்யநாதன் பங்களா வராந்தாவிலிருந்து பார்த்ததாகவும், சின்னையாவின் துப்பாக்கியிலிருந்து புகை கிளம்பியதாகவும் சத்தியம் செய்து சொல்லியிருந்தார். சின்னையாவின் மனைவி நல்லம்மாள்கூட, “ஆமா, என் புருஷன்தான் சுட்டாரு” என்று சொல்லிவிட்டாள். கட்டின மனைவியே சொன்ன பிறகு கயிற்றுக்கு வேறென்ன வேண்டும்?

சின்னையா சொன்னது ஒன்றுதான். “நான் சுடலை.” தினமும் சுடுகிறவன் அன்றைக்கு மட்டும் ஏன் சுடவில்லை என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டான். அவனுடைய வக்கீலே அலுத்துப்போய்த்தான் திருநாவுக்கரசைத் தேடி வந்தார்.

திருநாவுக்கரசு முன்னே கோர்ட்டில் துபாஷியாக இருந்தவர். பிறர் சொன்ன பொய்களைத் தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு வருஷக்கணக்கில் சுமந்து சலித்துப்போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். ஆள் ஒல்லி, கோபம் தடிமன். அவருடைய உதவியாள் மீரா சாகிப்பின் வாப்பாவுக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை. குழம்பு கிளற மாட்டேன் என்று ஓடி வந்து காரோட்டக் கற்றுக்கொண்டவர் மீரா சாகிப். முப்பது வயதாகியும் வாய் மட்டும் ஓயவில்லை.

“ஒரு சின்ன விஷயம் இடிக்குது,” என்று அலாவுதீன் ஒரு தோட்டாவை எடுத்தார். “பாருங்க.”

நெம்புகோலை இறக்கித் தோட்டாவை உள்ளே தள்ளினார். பாதிக்கு மேல் போய் நின்றுவிட்டது. கட்டை விரலால் அழுத்தினார், முகம் சிவந்ததுதான் மிச்சம். வேறொன்றைப் போட்டார். அதுவும் அதே இடத்தில் நின்றது.

“சின்னையா பையில இருந்த தோட்டா, சின்னையா துப்பாக்கி. ஆனா நுழையலை.”

“துப்பாக்கிக்கும் ஏப்பம் வந்திருச்சு போல,” என்றார் மீரா சாகிப். “வயிறு ரொம்பிருச்சு.”

திருநாவுக்கரசு சிரிக்கவில்லை. பல வருஷமாக ஒரே துப்பாக்கிக்குக் குண்டு வார்க்கிறவன், நுழையாத குண்டையா வார்த்துப் பையில் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவான்? எதிரே பன்றி வந்தால் கும்பிடுவானா? அவர் துப்பாக்கியை எடுத்து, திறந்தபடியே நிமிர்த்தி, குழலின் வாய்க்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டுதான் தெரிந்தது.

“குழலுக்குள்ள லாந்தரா எரியும்?” என்றார் அலாவுதீன். “விடுங்க. மெய்யநாதன் வர்றாரு. வாலண்டியர் படையில சுட்டுப் பழகினவரு. குண்டு சரியா வார்க்கலை, சாயங்காலத்துக்குள்ள அதைச் சரிபண்ணிச் சுட்டுக் காட்டுறேன்னாரு. சுட்ட குண்டை எடுத்துச் செட்டியார் நெஞ்சில கிடைச்ச குண்டோட கோர்ட்டுல வச்சிடுவோம். முடிஞ்சுது.”

“அவருக்கு எதுக்கு இவ்வளவு சிரத்தை?”

“பெரியப்பாவைச் சுட்டவனைச் சும்மா விடுவாரா?”

“பங்களாவுல ஒரு துப்பாக்கி இருக்குமே?”

“இருக்கு. செட்டியார் ஏலத்துல ஜோடியா எடுத்தது. ஒண்ணு இது, இன்னொண்ணு பங்களாவுல. அதுக்குக் கடைத் தோட்டாதான். எண்ணிப் பார்த்தாச்சு, ஒண்ணும் குறையலை. ‘நாட்டுக் குண்டை நான் கையால தொட்டதுகூட இல்ல’ன்னு மெய்யநாதன் வாக்குமூலத்துலயே எழுதிக் குடுத்திருக்காரு.”

திருநாவுக்கரசு தொப்பியை எடுத்துக்கொண்டார். “சாகிப், காரை எடு. பாலிக் புலாவ்.”

“மழை வருதுண்ணே. மலைச் சாலை வழுக்கும்லா.”

“தூக்குக் கயிறும் வழுக்கும்.”

அதற்கு மேல் மீரா சாகிப் பேசவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் பெரிய தண்டனை என்பதால் ஊர் எல்லை தாண்டியதும் தொடங்கிவிட்டார்.

“அண்ணே, ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. செட்டியாருக்குப் பிள்ளை இல்லையா, தன்னைத்தான் சுவீகாரம் எடுப்பாருன்னு மெய்யநாதன் இவ்வளவு நாளாத் தோட்டத்துலயே கிடந்தாரு. செட்டியார் ஊர்ல வேற பங்காளி வீட்டுப் பையனைப் பார்த்து முடிவு பண்ணிட்டாராம். அடுத்த கப்பல்ல போயிப் பிள்ளை கூட்டுறதா இருந்தாராம்.”

“இதை ஏன் நேத்தே சொல்லலை?”

“நேத்து நீங்க கேக்கலையே.”

மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. சாலையின் இரண்டு பக்கமும் மரங்கள் கவிந்து பகலை விழுங்கின. எதிரே ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை. திருநாவுக்கரசுக்கு உள்ளூரப் பயமாக இருந்தது. நுழையாத குண்டு அவருக்கு ஏதோ சொல்ல வருகிறது, அதன் பாஷை புரியவில்லை. நாளைக்கு ஒருவன் கழுத்து போன பிறகு புரிந்து என்ன பிரயோசனம்?

சின்னையாவின் குடிசை ஜாதிக்காய் மரங்களுக்கு நடுவே தனியாக இருந்தது. அக்கம்பக்கம் யாரும் வருவதில்லை என்பது முற்றத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொலைகாரன் வீடு என்று பெயர் வாங்கிவிட்டால் புல்கூடத் தைரியமாக வளர்ந்துவிடுகிறது.

நல்லம்மாள் வாசலுக்கு வந்தாள். முகம் வெளிறி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வக்கீல் அனுப்பிய ஆள் என்று சொன்னதும், “நான் பொய் சொல்லலைங்க ஐயா,” என்றாள் முதல் வார்த்தையாகவே. “வெடி கேட்டுச்சு. கேட்டதைத்தான் சொன்னேன். அது இப்படிச் சுசாவா, தொல்லையா முடியும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பொய்னு நான் சொல்லலைம்மா. குண்டு வார்க்கிறதைப் பத்திக் கேக்க வந்தேன்.”

அவள் சற்றே ஆறுதலானாள். இது அவளுக்குத் தெரிந்த விஷயம். மீனவர் குடியிருப்பான கம்போங்கில் பழைய வலையின் ஈயக் குண்டுகளை வாங்கி வந்து சின்னையா உருக்குவான், அச்சை இவள் பிடித்துக்கொள்வாள்.

“அந்தக் குண்டு துப்பாக்கிக்குள்ள நுழையலையேம்மா.”

“நுழையாம எப்படிங்க? ஒவ்வொண்ணும் உள்ள விட்டுப் பார்த்துத்தானே வைப்பாரு. அந்தத் துப்பாக்கிக்குக் குழலு தேஞ்சு போச்சு. கடைத் தோட்டா லொடலொடன்னு கிடக்கும். பன்னியைக் குறி வச்சா பாக்கு மரத்துல படும். அதனால குண்டைக் கோதுல ஆழமா வைக்காம, வெளிய நீட்டி வைப்பாரு. மூடும்போது குண்டோட மூக்கு போயிக் குழல்ல இருக்கிற வரியைக் கவ்விக்கும். அப்புறம் குறி தப்பாது.”

“பங்களாத் துப்பாக்கியில அந்தத் தோட்டாவைப் போட்டா?”

“அது தேயாத துப்பாக்கி. மூக்கு முன்னாடியே இடிச்சிரும், மூடாது. மூக்கைச் சீவுனாத்தான் போகும்.”

“இதுல கவ்வின குண்டைத் திரும்பக் கழட்டணும்னா?”

“கழட்ட முடியாதுங்க. நெம்புகோலை இறக்கினா கோது மட்டும்தான் வரும். குண்டு குழல்லயே நின்னுக்கும், மருந்தெல்லாம் கொட்டிப் போகும். அதனாலதான் தினமும் காலையில செத்த மரத்துல சுட்டுட்டு வர்றது. மருந்தும் குண்டுமாக் கெட்டிச்ச துப்பாக்கியை வீட்டுக்குள்ள கொண்டுவரக் கூடாதில்ல.”

மீரா சாகிப் தலையைச் சொறிந்தார். “நான்கூட மரத்து மேல ஏதோ கோவம்னு நினைச்சேன்.”

“அந்தத் தோல் பை பகல்ல எங்க இருக்கும்?” என்று கேட்டார் திருநாவுக்கரசு.

“பங்களாப் பின்கட்டுல ஆணியில மாட்டியிருக்கும். யாரு தொடப் போறா?”

“போலீஸ் மாத்தா வந்து துப்பாக்கியை எடுத்துட்டுப் போனப்ப சின்னையா இங்க இருந்தாரா?”

“இல்லைங்க. அவரைப் பாசார்லயே பிடிச்சிட்டாங்க. இங்க ஒரு மாத்தா மட்டும் வந்தாரு. நல்ல மழை. இந்த வாசல்ல நின்னுக்கிட்டு நெம்புகோலை இறக்கினாரு. கோது விழுந்துச்சு. ‘காலிக் கோது, சுட்ட துப்பாக்கி’ன்னு சொல்லி எடுத்து வச்சுக்கிட்டாரு. கையெல்லாம் கரியாப் போச்சுன்னு என் குடத்துத் தண்ணியிலயே கழுவுனாரு.”

“கரின்னா? புகை படிஞ்ச மாதிரியா?”

நல்லம்மாள் யோசித்தாள். “இல்லைங்க. கறுப்பு எள்ளு மாதிரி. படியிலகூடக் கொஞ்சம் கொட்டிக் கிடந்துச்சு. மழைத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அன்னிக்கு இருந்த இருப்புல நான் எதைங்க யோசிச்சேன்?”

திருநாவுக்கரசு எழுந்து நின்றுவிட்டார். குழலுக்குள் பார்த்தபோது தெரிந்த இருட்டு இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பின்வாய் திறந்திருந்த குழலில் மறுபக்கத்து வெளிச்சம் ஒரு பொட்டாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதைக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு முட்டாளைப் போல மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

“சாகிப், மெய்யநாதன் எப்போ சுடுறதாச் சொன்னாங்க?”

“சாயங்காலத்துக்குள்ளன்னாரு இன்ஸ்பெக்டர்.”

“சுட்டா அந்தத் துப்பாக்கி வெடிச்சுச் சிதறும். அதைப் பிடிச்சிருக்கிற ஆளும் போவான். சின்னையா உயிரைக் காப்பாத்துற ஒரே சாட்சியும் போயிரும். கிளம்பு!”

நல்லம்மாள் காருக்குக் குறுக்கே வந்து நின்றாள். “நானும் வர்றேன்.” மறுக்க நேரமில்லை.

பாலிக் புலாவிலிருந்து டெலிபோன் செய்யலாம் என்று முயன்றார்கள். மழையில் கம்பி அறுந்து கிடந்தது. திரும்பவும் அதே மலைச் சாலை. மீரா சாகிப் வண்டியை விரட்டிய விரட்டில் ஒவ்வொரு வளைவிலும் சக்கரம் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தது. பின்னாலிருந்து நல்லம்மாள், “அப்ப அவரு சுடலையாங்க ஐயா?” என்று கேட்டாள்.

“குழலைப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்மா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உச்சி வளைவில், “நிறுத்துங்க,” என்று அலறி இறங்கி, சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள்.

“என் ஓட்டுக்கு இதுவரைக்கும் யாரும் இப்படிப் பரிசு குடுத்ததில்ல,” என்று முணுமுணுத்தார் மீரா சாகிப்.

“எனக்கு ஒண்ணுமில்ல. போங்க, வேகமாப் போங்க,” என்றாள் நல்லம்மாள் ஏறி உட்கார்ந்து.

நிலையத்தின் பின்முற்றத்தில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மழை விட்டிருந்தது. வெள்ளை வேட்டியும் மேல்கோட்டும் போட்ட மெய்யநாதன் துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, கன்னத்தை அதில் சாய்த்து, ஒரு கண்ணை மூடியிருந்தார். அலாவுதீன் காதைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

நல்லம்மாளோடு வாசலிலேயே இறங்கி, “சுடாதீங்க!” என்று திருநாவுக்கரசு கத்தியது மெய்யநாதன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரல் உள்ளே போயிற்று.

மீரா சாகிப் யோசிக்கவே இல்லை. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி காரை முற்றத்துக்குள் ஏற்றி, துப்பாக்கிக்கும் மணல் மூட்டைக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது போலும், ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துகொண்டார்.

“செட்டியாரே, எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலை,” என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மெய்யநாதன் துப்பாக்கியை இறக்கினார். அலாவுதீனுக்குக் கோபத்தில் வார்த்தை குழறியது. “என்ன விளையாட்டு இது, மிஸ்டர் அரசு?”

“முதல்ல அதைத் திறந்து தோட்டாவை எடுங்க. அப்புறம் என்னை எந்தச் சட்டத்துல வேணும்னாலும் உள்ள போடுங்க.”

அலாவுதீன் துப்பாக்கியை வாங்கி நெம்புகோலை இறக்கித் தோட்டாவை உருவினார். குண்டின் மூக்கு சப்பையாகச் சீவப்பட்டிருந்தது. முற்றத்தில் போட்டிருந்த மேசையின் மீது பேனாக் கத்தியும் ஈயச் சீவலும் ஒரு மரக்கட்டையும் கிடந்தன.

“நீங்கதான் சீவுனீங்களா?” என்று மெய்யநாதனிடம் கேட்டார் திருநாவுக்கரசு. குரலில் மரியாதைக்குக் குறைவில்லை.

“வேற யாரு? குண்டு நீளமா இருந்துச்சு. மூக்கைக் கொஞ்சம் எடுத்துட்டு, விளிம்புல கட்டையை வச்சுத் தட்டினேன். போயிருச்சு. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?”

“சுத்தமான வேலை. இன்னொண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு விடியக்காலம் சின்னையா துப்பாக்கியிலிருந்து புகை வந்ததை நீங்களே பார்த்தீங்களா?”

“எத்தனை தடவை சொல்றது? இதே துப்பாக்கிதான். ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். புகையைப் பார்த்தேன், பெரியப்பச்சி விழுந்ததையும் பார்த்தேன்.”

“இன்ஸ்பெக்டர், காதுல வாங்கிக்கிட்டீங்களா? இப்போ ஒரு இரும்புக் கம்பி குடுங்க.”

குழலைத் துடைக்கிற கம்பி வந்தது. திருநாவுக்கரசு அதைக் குழலின் வாய்ப்பக்கமாக விட்டார். அடி வரைக்கும் போக வேண்டிய கம்பி வழியிலேயே டக்கென்று நின்றது. அலாவுதீனின் முகம் மாறியது. மரக்கட்டையால் கம்பியின் தலையில் தட்டத் தட்ட, பின்வாய் வழியாக ஏதோ நகர்ந்து வந்து மேசையில் விழுந்தது. ஈயக் குண்டு. மூக்கில் மட்டும் குழலின் வரி கவ்விய தடம் இருந்தது. மற்றபடி முழுசு. எங்கும் பாயாத, எவரையும் தொடாத குண்டு.

“சின்னையா தோட்டா ஏன் நுழையலைன்னு கேட்டீங்களே,” என்றார் திருநாவுக்கரசு. “ஏற்கெனவே உள்ள ஆள் இருந்துச்சு. அவரு ராத்திரி கெட்டிச்ச குண்டு இது. அதைச் சுடவே இல்ல. உங்க கான்ஸ்டபிள் நெம்புகோலை இறக்கினப்போ குண்டு குழல்லயே நின்னுருச்சு, மருந்து மழையில கொட்டிருச்சு, வெறும் கோது கையில வந்துச்சு. சுட்ட துப்பாக்கின்னு எழுதிட்டீங்க. அந்தக் கோதோட பின்பக்கத்தை யாராவது திருப்பிப் பார்த்தீங்களா?”

அலாவுதீன் ஓடிப்போய் அதைக் கொண்டுவந்து திருப்பினார். ஊசி குத்தினால் நடுவில் விழ வேண்டிய பள்ளம் விழவில்லை. வழவழவென்று இருந்தது. அதைக் குண்டின் பக்கத்தில் வைத்தார்.

“சுடாத துப்பாக்கியிலிருந்து புகை வந்ததைப் பார்த்த கண்ணு,” என்று மெய்யநாதன் பக்கம் திரும்பினார் திருநாவுக்கரசு. “தினமும் கேக்கிற வெடி, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியும். சின்னையா சுடுற நேரம் பார்த்துச் சுடக் காத்திருந்தீங்க. அன்னிக்கு அவரு சுடலை, ஆனா உங்க பெரியப்பச்சி ஓடைக்கு வந்துட்டாரு. சுட்டுட்டீங்க. அப்புறம் சின்னையா துப்பாக்கியில காலிக் கோதுன்னு மாத்தா சொன்னதும் உங்க அதிர்ஷ்டம்னு நினைச்சு, பார்த்ததாவே சத்தியம் பண்ணிட்டீங்க.”

“உளறாதீங்க! எங்ககிட்ட நாட்டுக் குண்டே கிடையாது.”

“சின்னையாவோட பை உங்க பின்கட்டு ஆணியில தொங்கும். அந்தத் தோட்டா உங்க துப்பாக்கியில மூடாது, மூக்கைச் சீவணும். தொட்டதே இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. நுழையாத குண்டைப் பார்த்தா யாரும் முதல்ல பக்கத்தைத்தான் சுரண்டுவாங்க. நீங்க நேரா மூக்குக்குப் போயிட்டீங்க. யாரு கத்துக்குடுத்தது?”

மெய்யநாதன் மேசையிலிருந்த சீவலைப் பார்த்தார். அதைக் கையால் தள்ளிவிட ஒரு சின்ன அசைவு செய்தார். அந்த அசைவை அலாவுதீனும் பார்த்துவிட்டார்.

“நான் சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்று மெய்யநாதன் மெதுவாகக் கேட்டார்.

“உங்க முகம் போயிருக்கும்.”

“விட்டிருக்கலாமே.”

“சாட்சி போயிருக்கும்,” என்றார் திருநாவுக்கரசு. அது முழு உண்மை இல்லை. விட்டுவிடலாமா என்று மலைச் சாலையில் ஒரு கணம் தோன்றியதை நினைத்தபோது அவருக்கே தன் மேல் வெறுப்பு வந்தது.

மெய்யநாதனை இரண்டு பேர் உள்ளே கூட்டிப்போனார்கள். மீரா சாகிப் காரை விட்டு இறங்கி வந்து, “அண்ணே, நான் நடுவுல நின்னது வக்கீல் பில்லுல வருமா?” என்று கேட்டார்.

நடை ஓரத்தில் நல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

சின்னையாவை வெளியே கொண்டுவந்தார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வரும் வரை நிலையத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் விலங்கை எடுத்துவிட்டார் அலாவுதீன். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னதும் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தான்.

“எல்லாம் சரி,” என்றார் திருநாவுக்கரசு. “தினமும் சுடுறவரு அன்னிக்கு ஏன் சுடலை? கெட்டிச்ச துப்பாக்கியை வீட்டுக்குள்ள கொண்டுபோகக் கூடாதுன்னு இருக்கிற ஆளு நீங்க. அன்னிக்கு அப்படியே கொண்டுபோயி மாட்டியிருக்கீங்க. அதை மட்டும் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே?”

சின்னையா தரையைப் பார்த்தான். “அது வெளிய சொல்ற விஷயம் இல்லைங்க.”

“கழுத்துக்குக் கயிறு வந்துச்சேய்யா!”

“தெரியுங்க.”

நல்லம்மாள் சுவரை விட்டு வந்தாள். “அன்னிக்கு வெடிச் சத்தம் கேட்டதும் எனக்கு அப்படிக் கோவம் வந்துச்சு,” என்றாள், யாரையும் பார்க்காமல். “முந்தின நாள் பொழுது சாயத்தான் சொன்னேன். சொல்லியும் விடிஞ்சதும் சுடுறாரே, இந்த மனுஷனுக்குக் கல்லு மனசான்னு. அந்தக் கோவத்துலதான் மாத்தா கேட்டப்ப, ‘அவருதான் சுட்டாரு, வேற யாரு’ன்னு சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னே முந்தின நாள்?” என்று மீரா சாகிப் கேட்டார். கேட்ட பிறகு, மலை வளைவில் நடந்தது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார்.

சின்னையா அவளை நிமிர்ந்து பார்த்தான். “ரெண்டு தடவை தங்கலை இல்ல,” என்றான் தாழ்ந்த குரலில். “இதாவது அதிராம இருக்கட்டும்னுதான் சுடாம வந்தேன். நீ தூங்கிக்கிட்டிருப்பேன்னு நினைச்சேன்.”

நல்லம்மாள் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். ஒரு மாதமாக உள்ளே கிடந்த அழுகை அந்த அடியோடு வெளியே வந்தது.

“வாயைத் திறந்து இதைச் சொல்லியிருக்கலாம் இல்ல! கோர்ட்டுல சொல்லியிருக்கலாம் இல்ல! உன்னைத் தூக்குல போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“மூணு மாசம் முடியாம யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு நீதானே என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினே,” என்றான் சின்னையா.